ஈஸ்ட்ஹாமா, ஏற்காடா, சேலமா? ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கணக்கு

லண்டனில் இருந்த கடைசி இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டை வைத்தால் இதே பேச்சுதான். ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பது? என் வீட்டுக்காரருக்கு ஏற்காடு. எனக்குச் சேலம். மான்செஸ்டரில் இருக்கும் மகளுக்கு, நாங்கள் எங்கேயும் போகாமல் லண்டன் ஈஸ்ட்ஹாமிலேயே இருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்தால் தேர் எப்படி நகரும்?

நான் சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்தவள். 2002-ல் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனேன். 22 வருடம் அங்கே அரசு மருத்துவமனை வார்டுகளில் கழிந்தது. இவர் என் பின்னாலேயே வந்து, கொஞ்ச காலம் கிடங்கில் பெட்டி தூக்கி, அப்புறம் லைசென்ஸ் எடுத்து, லண்டன் தெருக்களில் டபுள் டெக்கர் பஸ் ஓட்டினார். இரண்டு பேரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டோம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருக்கிறது. எனக்கு 66 முடிந்து, 2024 ஜூலையில் ஊர் வந்தோம். வந்த பிறகுதான் சில கணக்குகள் புரிந்தன. இதே யோசனையில் இருப்பவர்கள் எங்களைப் போல பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஈஸ்ட்ஹாம். அங்கேயே இருப்பதில் என்ன குறை என்று மகள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முருங்கைக்காய், வாழையிலை, தோசை மாவு எல்லாம் தெருமுனையில் கிடைக்கிறது. முருகன் கோயில் நடக்கிற தூரம். 60 வயதுக்கு மேல் மாத்திரை மருந்துக்குக் காசு இல்லை. 66 ஆனால் ஃபிரீடம் பாஸ். லண்டன் முழுக்க பஸ், ரயில் இலவசம். எங்கள் டாக்டருக்கு என் சர்க்கரை அளவு பதினைந்து வருடமாகத் தெரியும்.

குறை வேறு இடத்தில் இருந்தது. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அது தெரியவில்லை. வார்டுக்குள் எப்போதும் வெளிச்சம். ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மகளோடு இருக்கிறோம் என்பதும் பேச்சுக்குத்தான். மான்செஸ்டருக்கு ரயிலில் போய் வந்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. மாதம் ஒரு முறை பார்த்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் வீடியோ அழைப்பு. அதை அம்மாப்பேட்டையிலிருந்தும் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள அங்கே அரசு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவம் வேறு, பராமரிப்பு வேறு. குளிப்பாட்ட, ஊட்டிவிட ஆள் வேண்டும் என்றால் இங்கிலாந்தில் அது வசதியைப் பார்த்துத்தான் கிடைக்கும். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் செலவு முழுக்க நம்முடையது. துணை போய்விட்டு, தனியாக இருக்கிறவர் பராமரிப்பு இல்லத்தில் சேர நேர்ந்தால், குடியிருந்த வீட்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். வார்டில் இதைக் கேட்டு இடிந்து உட்கார்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்புவதற்கு எதிராக நிற்கும் பெரிய விஷயம் பென்ஷன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் பழக்கத்தில் இருந்த பாதிப் பேருக்கு இது தெரியாது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்துக்கு முழுத் தொகை வேண்டுமானால் 35 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும். நடுவயதில் போன எங்களுக்கு அது எட்டாது. என் 22 வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே. போகட்டும். அங்கேயே இருப்பவர்களுக்கு அந்தத் தொகை ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும். இந்தியாவில் குடியேறியவர்களுக்கு ஏறாது. புறப்பட்ட நாளில் என்ன தொகையோ, கடைசி வரை அதே தொகை.

2016 ஏப்ரலிலிருந்து ஓய்வூதிய வயதை எட்டுகிறவர்களுக்கான புதிய முறையில் 2024-ல் முழுத் தொகை வாரம் 221.20 பவுண்டு, 2025 ஏப்ரலில் 230.25 ஆனது. இந்த முதல் உயர்வே எனக்கு இல்லை. ஒன்பது பவுண்டுதானே என்று தோன்றும். பழைய முறைக்காரர்களின் கணக்கைப் பாருங்கள். அவர்களுடைய அடிப்படை ஓய்வூதியம் 2015-ல் வாரம் 115.95 பவுண்டு. அந்த வருடம் வாங்கத் தொடங்கி இந்தியா வந்துவிட்டவருக்கு இன்றைக்கும் அதேதான். லண்டனில் தங்கிவிட்டவருக்கு 2025-ல் 176.45. பத்து வருடத்தில் இவ்வளவு இடைவெளி. எண்பது வயதில், செலவு கூடுகிற நேரத்தில், அது இன்னும் அகலமாகும்.

என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் தோழி ஊருக்குத் திரும்பினால் அவளுக்கு ஆண்டுதோறும் ஏறும். அவர்கள் நாட்டோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, நம்மோடு இல்லை. ஒரே வேலை, ஒரே வரி, ஒரே நைட் ஷிப்ட். கனடா, ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கும் இதே கதிதான் என்று இவர் எனக்கு ஆறுதல் சொல்வார். அதில் என்ன ஆறுதல் இருக்கிறதோ! நல்லவேளையாக மருத்துவமனை வேலைக்கான என் தனிப் பென்ஷன் எங்கே இருந்தாலும் விலைவாசியோடு ஏறும். எங்கள் துணிச்சலுக்கு அதுதான் காரணம். அரசு ஓய்வூதியம் ஒன்றை மட்டும் நம்பி வருகிறவர்கள், இன்றைய தொகையைப் பதினைந்து வருடம் கழித்தும் அதே தொகையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூபாயில் இன்று பெரிதாகத் தெரியும். அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இலவச மருத்துவமனைச் சிகிச்சை அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால், விருந்தாளியாகப் போகும்போது வார்டில் சேர்ந்தால் பில் வரும். திரும்பவும் அங்கேயே குடியேறினால் உரிமையும் திரும்பும். அதாவது கதவு பூட்டப்படவில்லை, சாத்தி வைத்திருக்கிறார்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். இவருடைய கனவு வீடு மட்டும் இல்லை. இரண்டு ஏக்கர் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, வாசலில் பட்டர் ஃபுரூட் மரம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், இழவு வீட்டிலும் சொல்வார். கலெக்டருக்குப் பிறகு அடுத்தது இவர்தான் என்ற நினைப்பு.

புரோக்கர் ஒரு தோட்டம் காட்டினார். விலையும் படிந்து வந்தது. பத்திர எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "சார், உங்க பாஸ்போர்ட் என்ன நாடுங்க?" அங்கேயே முடிந்தது கதை. ஓசிஐ அட்டைக்காரர்கள் வீடு வாங்கலாம், ஃபிளாட் வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இதே தடை உண்டு. அப்பா அம்மா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். என் மாமனார் விட்டுப்போனது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் மட்டும். தம்பி பேரில் வாங்கிக்கொள்ளலாமே என்று புரோக்கர் மெதுவாகச் சொன்னார். பணம் நம்முடையது, பத்திரம் இன்னொருவருடையது என்றால், அந்த நிலத்தோடு தம்பி உறவும் ஒரு நாள் போகும். வேண்டாம் என்றேன்.

வீட்டுமனை வாங்கலாம்தான். ஆனால் மலைப்பகுதியில் கட்டுவதற்கு விதிகள் சமவெளியைவிட இறுக்கம். பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். மலைப்பகுதிக்கான அனுமதியும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். காட்சி நன்றாக இருக்கிற மனை பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். சரிவில் மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரு மழைக்காலம் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்று செப்டம்பரில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். உண்மையைச் சொன்னால் முதல் மாதம் நானே மயங்கிவிட்டேன். 1,500 மீட்டர் உயரம். விசிறி தேவைப்படவில்லை. காலையில் மூடுபனி வாசல்படி வரை வந்து நிற்கும். ஒரு நாள் ராத்திரி வேலிக்கு வெளியே மாடு என்று நினைத்து நான் "ஹை, போ" என்று விரட்டியது காட்டெருமை. அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லண்டனில் பத்து வருடம் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாமல் இருந்தோம்; இங்கே ஒரே வாரத்தில் எஸ்டேட் மேஸ்திரி வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தது.

அக்டோபரில் ஈரம் ஆரம்பித்தது. துவைத்த துணி மூன்று நாள் காயாது. அலமாரியில் இருந்த என் பட்டுப் புடவை ஓரத்தில் பூஞ்சை. லண்டனை விட்டதே குளிருக்கும் மூட்டு வலிக்கும் பயந்துதான். இங்கே இரண்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

நவம்பரில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு இவருக்கு நெஞ்சு அடைத்தது. வியர்வை, இடது கை வலி. மலையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இதயக் குழாயில் அடைப்பு என்றால் நிமிடக் கணக்கில் கீழே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையைத்தானே 22 வருடம் பார்த்தேன். கார் வாசலில் நிற்கிறது. சாவி என் கையில். எனக்கு ஓட்டத் தெரியாது. வீட்டிலேயே ஒரு பஸ் டிரைவர் இருக்கும்போது நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன். டிரைவரே நோயாளி ஆவார் என்று இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

மேஸ்திரியின் மகன் எழுந்து வந்து ஓட்டினான். இருபது கொண்டை ஊசி வளைவு. மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின் சீட்டில் சாய்ந்து கிடந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கியரைக் குறைப்பா, பிரேக்கை நம்பாதே" என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். கடைசியில் வாயு என்றார்கள். அந்த வாயுவுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அதுவும் போதாது என்று டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. அந்த மழையில் அதை நம்பி இறங்கவும் தைரியம் வரவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, பால் இல்லை, எனக்குச் சர்க்கரை மாத்திரை நாலு நாளைக்கு இருந்தது. அந்த மழையில் உட்கார்ந்து இவர், "ஏம்மா, உன் சேலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லு" என்றார்.

என் சேலத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். மலைகளுக்கு நடுவே கிண்ணத்துக்குள் வைத்தது மாதிரி ஊர். ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி தொடும். சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவர் சுடும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஃபிளாட்டில் லிப்டுக்கு ஜெனரேட்டர் இல்லையென்றால் மூன்றாவது மாடிக்காரர் சிறைக் கைதிதான். அம்மாப்பேட்டையில் அம்மா இருந்த தெருவில் இப்போது ஒரு வண்டி நுழைந்தால் இன்னொன்று பின்னால் போக வேண்டும்.

வெயிலை ஏசி பார்த்துக்கொள்ளும். சொந்தக்காரர்களை எது பார்த்துக்கொள்ளும்? வந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் கடன் கேட்டார்கள். பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே வீட்டுக்கு கேஸ் பில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொகை எழுதப் பேனாவைத் தயாராக வைத்துக்கொள்கிறார். ஒருவருக்குக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை, அவரும் வருவதில்லை. அதற்குப் பிறகு எல்லாப் பணமும் டெபாசிட்டில் இருக்கிறது, மகள் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இது ஒன்றில் மட்டும் பொய் சொல்லலாம் என்பது என் கட்சி.

ஆனாலும் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அதுவும் ஒன்று இல்லை, பல. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே. ஒரு போன் போட்டால் தம்பி வருவான். வீட்டுக்கு வந்து ஊசி போட, பிசியோதெரபி செய்ய ஆள் கிடைக்கிறது. மகள் வந்தால் சென்னையில் இறங்கி வந்தே பாரத்தில் நேராகச் சேலம் ஜங்ஷன். 2023-லிருந்து காமலாபுரத்தில் விமானமும் மறுபடி வருகிறது. அப்புறம் சாயங்காலம் தட்டுவடை செட், மாம்பழக் காலத்தில் இமாம் பசந்த், ஆடியில் கோட்டை மாரியம்மன். இதையெல்லாம் காசு கணக்கில் எங்கே எழுதுவது?

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தோம். விடுமுறைக்கு வந்தபோதே இங்கே பாலிசி எடுத்துவிட்டோம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை வைப்பார்கள். அந்தக் காலத்தை லண்டன் மருத்துவமனை இருக்கும்போதே ஓட்டிவிடுவது நல்லது. 65 வயது வரை மட்டும் பாலிசி கொடுத்தால் போதும் என்றிருந்த பழைய வரம்பு 2024-ல் போய்விட்டது. பிரீமியம் மட்டும் போகவில்லை.

வரியைப் பற்றி ஒரு வரி. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஒரு சலுகை நிலை உண்டு. வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர் என்று பேர். (எங்கள் வீட்டில் இவருக்கு அந்தப் பேரையே வைத்துவிட்டேன்.) அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது. வந்த முதல் மாதமே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தையே இருப்பிடமாக வைத்திருந்தால் பென்ஷன் உயர்வு நிற்காது, மருத்துவ உரிமையும் போகாது. 182 நாளுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு இங்கே வரிச் சிக்கலும் குறைவு. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு அது 120 நாள். கேட்க நன்றாக இருக்கிறது, இரண்டு வீட்டுக்கும் பராமரிப்புச் செலவு செய்ய முடிந்தால். ஆனால் அவர்கள் ஏற்காட்டில் வீடு வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. லண்டன் குளிருக்குத் தப்பி அவர்கள் வருவது அக்டோபர் கடைசியில். அப்போது மலையில் வடகிழக்குப் பருவமழை, ஈரம், மூடுபனி. மலை அழகாக இருக்கிற ஏப்ரல், மே மாதத்தில் அவர்கள் லண்டனில் வசந்தகாலப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருகிறவர்களுக்குச் சேலம் போதும். அப்போது சேலத்தில் வெயிலும் சாது.

நாங்கள் எடுத்த முடிவு இது. அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேட்டுப் பக்கம், மலைக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு தனி வீடு. கீழ்த்தளம் மட்டும்; வீட்டுக்குள் படி இல்லை. மலையில் எதையும் வாங்கவில்லை. ஏப்ரலும் மே மாதமும் அதே வீட்டை வாடகைக்கு எடுத்து மேலே போகிறோம். 2025-ல் போனோம், மார்ச் மழைக்குப் பூத்த காபிப் பூ முடிந்துவிட்டிருந்தது, அது ஒன்றுதான் இவருக்குக் குறை. லண்டன் வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். எண்பது வயதில் எங்களில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது என்ன செய்வது என்று இப்போது முடிவு செய்யவில்லை. அந்த ஒருவர் செய்துகொள்ளட்டும். 67 வயதில் நான் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுக்கிறவனுக்கு என் மகளைவிட வயது குறைவு. "பாட்டி, கிளட்ச்" என்று கத்துகிறான்.

இவர் தோட்ட ஆசையை விடவில்லை. மேஸ்திரியிடம் வாங்கி வந்த காபிக் கன்றை மொட்டை மாடியில் தொட்டியில் வைத்தார். இந்தச் சூட்டுக்கு அது ஆகாது என்று மேஸ்திரி அப்போதே சொன்னார். முதல் கன்று ஜூன் மாதத்துக்குள் கருகியது. இரண்டாவதுக்குப் பச்சை வலை கட்டிப் பார்த்தார், அதுவும் போனது. போன வாரம் மூன்றாவது வந்திருக்கிறது. அதை இப்போது படுக்கையறையில், ஏசிக்கு நேராக வைத்திருக்கிறார்.